தீபாவளிக்கு ஊருக்குக் கார் எடுக்கிறீர்களா? ஒரு ஆக்டிங் டிரைவர் சொல்கிறேன்

இருப்பது சென்னை பெருங்களத்தூர், பிறந்தது கோவில்பட்டி பக்கம். பத்தொன்பது வருடமாக ஆக்டிங் டிரைவர். எனக்கென்று வண்டி கிடையாது. அடுத்தவர் காரில் அவர் குடும்பத்தை ஏற்றி, அவர் ஊரில் இறக்கிவிட்டு, பஸ் பிடித்துத் திரும்புவேன். ஆயுத பூஜையில் ஆரம்பித்துப் பொங்கல் வரை எங்களுக்கு சீசன். இப்போதெல்லாம் நிறையப் பேர் டிரைவர் வைக்காமல் தாங்களே ஓட்டிப் போகிறார்கள். என் பிழைப்புக்கு அது நஷ்டம்தான். ஆனாலும் தெரிந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

கிளம்பும் நேரத்திலிருந்து தொடங்குவோம். பாதிப் பேர் தப்பு செய்வது அங்கேதான். ஆறு மணி வரை ஆபீஸ், வீட்டுக்கு வந்து மூட்டை கட்டி, குழந்தைகளைச் சாப்பிட வைத்து, பத்து மணிக்கு வண்டியைக் கிளப்புவார்கள். "ராத்திரியில ரோடு ஃப்ரீயா இருக்கும்" என்பார்கள். பண்டிகைக்கு முந்தின ராத்திரி ரோடு எங்கே ஃப்ரீயாக இருக்கிறது? பெருங்களத்தூரிலிருந்து பரனூர் டோல்கேட் தாண்டவே மூன்று மணி நேரம் ஊர்ந்திருக்கிறேன். திண்டிவனம் போகும்போது மணி இரண்டு. நெரிசல் விட்டதும், இழந்த நேரத்தைப் பிடிக்க எல்லாரும் மிதிப்பார்கள். காலையில் ஏழு மணிக்கு எழுந்த மனுஷன், மூன்றிலிருந்து ஐந்துக்குள், உடம்பு தூங்கியே ஆக வேண்டிய நேரத்தில், நூறில் போய்க்கொண்டிருப்பார்.

அதனால் சாயங்காலமே சாப்பிட்டுவிட்டு எட்டு மணிக்குப் படுங்கள். மூன்றரைக்கு எழுந்து நாலு மணிக்குக் கிளம்புங்கள். மூட்டை கட்டுவதை ஓட்டுகிறவரிடம் விடாதீர்கள். அன்றைக்கு அவருக்குத் தூக்கம்தான் வேலை. முடிந்தால் பண்டிகைக்கு இரண்டு நாள் முன்னாலேயே போய்விடுங்கள். போலீஸ் ஒவ்வொரு வருடமும் கார்களை ஓ.எம்.ஆர்., திருப்போரூர் வழியாகச் செங்கல்பட்டுக்குப் போகச் சொல்வார்கள். தூரம் கொஞ்சம் கூடுதல், எரிச்சல் குறைவு.

அடுத்தவர் வண்டியில் ஏறும்போது முதலில் டயரைத்தான் பார்ப்பேன். டயர் பக்கவாட்டில் நாலு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் வருடம் 23-ஆவது வாரம் செய்தது. ஆறு வருடம் தாண்டிய டயர் என்றால், பட்டன், அதாவது டயர் மேல் வெட்டியிருக்கும் பள்ளம், எவ்வளவு இருந்தாலும் நான் நெடுந்தூரம் எடுக்க மாட்டேன். வெளியே ஓடாமல் அபார்ட்மென்ட் நிழலிலேயே நின்ற வண்டிக்கும் இதேதான். ரப்பர் கிழடு தட்டிவிடும். பட்டன் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் சட்டப்படியே ஓட்டக் கூடாது. காற்று எவ்வளவு என்பது டிரைவர் கதவைத் திறந்தால் ஸ்டிக்கரில் இருக்கும். ஆள் நிறைந்து சாமானும் ஏறினால் எவ்வளவு என்று பெரும்பாலும் தனியாகப் போட்டிருப்பார்கள், அதைப் பாருங்கள். ஸ்டெப்னிக்கும் பிடியுங்கள். நான் எடுத்த கார்களில் ஸ்டெப்னியில் காற்று இருந்தது பாதிக்கும் குறைவு.

ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனம் ஹெட்லைட்டில் காய்ந்து கிடக்கும், துடைத்துவிடுங்கள். சாமி கோபித்துக்கொள்ளாது. முன்னால் கட்டிய வாழைக்கன்றும் மாலையும் லைட்டையோ நம்பர் பிளேட்டையோ மறைத்தால் கழற்றிவிடுங்கள். பூசணிக்காயை உடைத்தால் சாலையில் விட்டுப் போகாதீர்கள். பின்னால் பைக்கில் வருகிறவன் வழுக்கி விழுவதை நானே பார்த்திருக்கிறேன்.

சாமான் விஷயம். பின் கண்ணாடிக்குக் கீழே இருக்கும் பலகையில் முறுக்கு டின், பித்தளைக் குடம், லேப்டாப் எதுவும் வைக்கக் கூடாது. சடன் பிரேக் போட்டால் அவை நேரே பின் சீட்டுத் தலைகளுக்கு வரும். கனமானவை டிக்கியில், அடியில். பட்டாசைக் காரிலேயே ஏற்றாதீர்கள், ஊரில் வாங்கிக்கொள்ளலாம். பின் சீட்டிலும் பெல்ட் கட்டாயம். 2022 செப்டம்பரில் மும்பை–அகமதாபாத் சாலையில் இறந்த, டாடா குழுமத்தின் முன்னாள் தலைவர் சைரஸ் மிஸ்திரி உட்கார்ந்திருந்தது பின் சீட்டில்தான், பெல்ட் போடாமல். மடியில் குழந்தையோடு முன் சீட்டில் உட்காருவதற்கு நான் ஒப்புக்கொள்வதே இல்லை. ஏர்பேக் வெடித்து வரும் வேகத்துக்குப் பெரியவர் முகமே தாங்காது. "ஒரு அஞ்சு நிமிஷம்தானே அண்ணே" என்று கேட்பார்கள். வண்டியை ஓரம் கட்டிவிட்டு, "குழந்தை பின்னால போனதும் சொல்லுங்க" என்று உட்கார்ந்திருப்பேன். கோபித்தவர்களும் உண்டு, அடுத்த வருடம் அவர்களே கூப்பிட்டார்கள்.

இனி தூக்கம். எனக்கே நடந்தது. தொழுதூர் தாண்டி, விடியற்காலம் நாலே கால் இருக்கும். கண் திறந்துதான் இருந்தது. இடது சக்கரம் தார் விளிம்பை விட்டு இறங்கிச் சரளையில் கரகரவென்று ஓடிய சத்தத்தில்தான் நான் எங்கே இருக்கிறேன் என்பதே தெரிந்தது. பின்னால் உட்கார்ந்திருந்த ஓனருடைய அம்மா மட்டும் முழித்திருந்தார். "தம்பி, நிப்பாட்டுப்பா" என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. எண்பதில் போனால் வண்டி நொடிக்கு 22 மீட்டர் ஓடும். நாலு நொடி கண் சொருகினால் கிட்டத்தட்ட 90 மீட்டர், ஆளில்லாத வண்டி.

கொட்டாவி வருவது தாமதமான அறிகுறி. அதற்கு முன்னால் வேறு ஒன்று வரும்: கடைசியாகத் தாண்டிய ஊர் எது என்று யோசித்தால் ஞாபகம் வராது. அங்கேயே முடிவு செய்யுங்கள். பாட்டைச் சத்தமாக வைப்பது, கண்ணாடியை இறக்குவது, முகம் கழுவுவது எல்லாம் பத்து நிமிடம்கூட நிற்காது. டோல்கேட் பக்கமோ வெளிச்சமான பெட்ரோல் பங்கிலோ நிறுத்தி, ஒரு காபி குடித்துவிட்டு, உடனே சீட்டைச் சாய்த்து இருபது நிமிடம் தூங்குங்கள். காபி வேலை செய்ய ஆரம்பிக்கும்போது எழுந்துவிடலாம். நெடுஞ்சாலை ஓரத்தில் மட்டும் நிறுத்தித் தூங்காதீர்கள்.

ஏன் என்றால், அதுதான் இந்தச் சாலையில் ஆளைக் கொல்கிறது. பேப்பரில் வருமே, "நின்ற லாரி மீது கார் மோதி" என்று. டெயில் லைட் எரியாத லாரி, இடது ஓரத்தில், பாதி உடம்பு சாலையில். டிம் லைட் காட்டும் தூரம் ஏறக்குறைய 50 மீட்டர். எண்பதில் வரும் கார் காய்ந்த சாலையிலேயே நிற்க அதற்கு மேல் வேண்டும். எதிரில் யாரும் இல்லாதபோது பிரைட் போடுங்கள். முன்னால் போகிற வண்டியின் சிவப்பு லைட் சட்டென்று ஒதுங்கினால், காரணம் தேடாமல் காலை ஆக்சிலேட்டரிலிருந்து எடுங்கள். பொங்கல் சமயம் விழுப்புரம் பக்கம் கரும்பு டிராக்டர்கள் வரும், பின்னால் ஒரு லைட்டும் இருக்காது. கரும்புதான் டெயில் லைட்டை மூடியிருக்கும். பெரம்பலூர் பக்கம் சர்வீஸ் ரோட்டில் மக்காச்சோளம் காயும். தைப்பூசத்துக்குப் பழனி போகும் பாத யாத்திரைக்காரர்கள் இருட்டில் ஓரமாக நடந்து வருவார்கள். திண்டிவனத்திலிருந்து திருச்சி சுமார் 200 கிலோமீட்டர். நூறில் போனால் இரண்டு மணி நேரம், எண்பதில் இரண்டரை. அந்த அரை மணிக்கு என்ன செய்யப் போகிறீர்கள்?

தீபாவளி என்றால் மழையும் உண்டு. ஸ்டியரிங் திடீரென்று லேசாகிவிட்டால் டயர் தண்ணீர் மேல் மிதக்கிறது என்று அர்த்தம். பிரேக்கைத் தொடாதீர்கள், ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து, ஆக்சிலேட்டரை மட்டும் விடுங்கள். மழையில் நாலு இண்டிகேட்டரையும் போட்டுக்கொண்டு ஓட்டுவதை யார் கண்டுபிடித்தார்களோ! நீங்கள் ஓடுகிறீர்களா, நிற்கிறீர்களா, எந்தப் பக்கம் திரும்புகிறீர்கள் என்று பின்னால் வருகிறவனுக்குத் தெரியாது. ஹெட்லைட்டை டிம்மில் போட்டாலே போதும், பின்னாலும் சிவப்பு எரியும்.

வண்டி நின்றுவிட்டால் முடிந்தவரை இடது ஓரத்துக்குத் தள்ளி, அப்போதுதான் நாலு இண்டிகேட்டரும். எல்லாரும் இறங்கித் தடுப்புக்கு அந்தப் பக்கம் நில்லுங்கள். சிவப்பு முக்கோணத்தை நல்ல தூரம் பின்னால் வையுங்கள். 1033 தேசிய நெடுஞ்சாலை உதவி எண், ஆம்புலன்ஸுக்கு 108. அடிபட்டவரைப் பார்த்தால் கேஸாகிவிடும் என்று பயந்து போகாதீர்கள். 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தில் 134-ஏ பிரிவு உதவுகிறவரைக் காப்பாற்றுகிறது. 2021 டிசம்பரில் மேல்மருவத்தூரில் தொடங்கிய "இன்னுயிர் காப்போம்" திட்டத்தில், சேர்ந்துள்ள தனியார் ஆஸ்பத்திரிகளிலும் முதல் 48 மணி நேரச் சிகிச்சையைக் குறிப்பிட்ட தொகை வரை அரசு ஏற்றுக்கொள்கிறது.

திரும்பி வருவது போவதைவிட மோசம். மதியம் கறிச்சாப்பாடு, முந்தின நாள் மச்சானோடு உட்கார்ந்தது, திங்கள் காலை ஆபீஸ். ராத்திரி பதினொரு மணி வரை குடித்துவிட்டு நாலு மணிக்கு "தெளிஞ்சிருச்சு" என்று சாவி எடுத்த ஒருவரிடம் நான் சாவியை வாங்கி வைத்துக்கொண்டேன். 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் குற்றம். குளித்தாலும் மோர் குடித்தாலும் அது இறங்காது. ஒரு நாள் கூடுதலாக லீவு போட முடிந்தால் போடுங்கள்.

போனை இடது சீட்டுக்காரரிடம் கொடுத்துவிடுங்கள். "எங்கன வந்துக்கிட்டு இருக்க?" என்று அரை மணிக்கொரு தரம் வீட்டிலிருந்து கூப்பிடுவார்கள். எங்கள் வீட்டில் ஒரு ஏற்பாடு உண்டு: ஒவ்வொரு டோல்கேட்டிலும் இடது சீட்டில் இருப்பவர் அதன் பெயரை மட்டும் அனுப்புவார். கார் பக்கமே வராத என் அம்மாவுக்குப் பரனூர், ஆத்தூர், விக்கிரவாண்டி, செங்குறிச்சி, திருமாந்துறை, சமயபுரம் என்று வரிசையாகத் தெரியும். எங்கள் ஊருக்கு முன்னால் வரும் எட்டூர்வட்டம் என்று செய்தி போனதும் உலை வைப்பார்.