முயல் கூட்டில் நரிக்கு வழிவிடும் தவறுகள்

எங்கள் பகுதியில் புதிதாக முயல் வளர்க்கத் தொடங்குகிறவர்கள் கூடு கட்டி முடித்த கையோடு என்னை அழைத்துக் காட்டுவது வழக்கம். இலங்கை மலையகத்தில் ஹட்டன் பக்கமானாலும் மஸ்கெலியாப் பக்கமானாலும், நாங்கள் தொடங்கிய காலத்தில் செய்த அதே தவறுகள்தான் அந்தக் கூடுகளிலும் கண்ணில் படுகின்றன. கதவைப் பூட்ட மறப்பது, இரவில் முயலை முற்றத்திலேயே விட்டுவிடுவது போன்றவற்றை எவரும் சொல்லாமலே அறிவார்கள் என்பதால் அவற்றைப் பற்றி எழுதப் போவதில்லை. நல்ல கூடு கட்டிவிட்டோம் என்ற நம்பிக்கையோடு உறங்கப் போகிறவர்கள் செய்யும் தவறுகளையே இங்கே எடுத்துக்கொள்கிறேன். தேயிலை மலைக்கும் காட்டுக்கும் நடுவில் குடியிருக்கும் நமக்கு நரியோடு கீரி, மரநாய், ஊர்நாய், சில இடங்களில் சிறுத்தை என்று பல விலங்குகளைப் பற்றிய கவலையும் உண்டு. ஆயினும் நரியை மனத்தில் வைத்துச் சரியாகக் கட்டிய கூடு மற்றவற்றுள் பெரும்பாலானவற்றையும் தடுத்துவிடும்.

கோழிவலையை நம்புவது

இத்தனை முயல்கள் செத்த பிறகும் மக்கள் இதை விடாதிருப்பது எனக்கு இன்றுவரை பொறுக்க முடியாத ஒன்று. ஹாட்வெயார் கடையில் முயல் கூட்டுக்கு வலை வேண்டும் என்று கேட்டால், அறுகோணக் கண்ணுள்ள மெல்லிய கோழிவலையைத்தான் பெரும்பாலும் அளந்து கொடுக்கிறார்கள். அந்த வலை கோழி வெளியே போகாமல் இருப்பதற்காகச் செய்யப்பட்டது. வெளியிலிருந்து பல்லும் நகமும் கொண்டு வரும் விலங்கைத் தடுக்கும் வலு அதற்குக் கிடையாது. அதன் கம்பிகள் ஒட்டப்பட்டவை அல்ல, முறுக்கப்பட்டவை. ஆகவே ஓரிடத்தில் ஒரு கம்பி அறுந்தால் பக்கத்துக் கண்களும் ஒவ்வொன்றாக நெகிழ்ந்து பிரியும். நமது மழையிலும் பனிமூட்டத்திலும் அது விரைவில் துருப்பிடித்து, பார்வைக்கு முழுதாகவும் கைபட்டால் பொடியாகவும் நிற்கும்.

அறுபடாத கோழிவலையாலும் முயலைக் காப்பாற்ற முடியாது. மேல் லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில், குடியிருக்கும் இளைஞர் ஒருவர் பச்சை வர்ணம் பூசி, தகரக் கூரை போட்டு, வெகு அழகாக ஒரு கூடு கட்டியிருந்தார். ஒரு நாள் விடியற்காலையில் வந்து அழைத்தார். உள்ளே ஒரு முயல் முன்னங்கால் இல்லாமல் இறந்து கிடந்தது. "வலை எங்கேயும் கிழியலையே அண்ணே, பிறகு எப்படி?" என்று அவர் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தார். குனிந்து பார்த்தபோது, கீழ் வரிசையில் ஒரு கண் மட்டும் வெளிப்பக்கமாகப் புடைத்து நின்றதும், அதன் விளிம்பில் வெள்ளை மயிர் ஒட்டியிருந்ததும் தெரிந்தன. முயல் வலையோரமாக ஒண்டிப் படுக்கும் பழக்கமுடையது. கண் பெரிதாக இருந்தால் அதன் கால் வெளியே நீளும், வெளியே நிற்கும் விலங்கு அதைக் கவ்வி இழுக்கும். கூட்டுக்குள் வராமலேயே நரியால் கொல்ல முடியும் என்பதை அந்த வலையைப் பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள்.

வாங்க வேண்டியது அரை அங்குலச் சதுரக் கண்ணுள்ள, தடித்த கம்பியாலான வெல்ட்மெஷ், அதாவது கம்பிகள் சந்திக்கும் இடமெல்லாம் ஒட்டப்பட்ட வலை. கம்பியின் எண் (கேஜ்) 16 அல்லது அதற்குக் குறைவாக இருக்க வேண்டும், ஏனெனில் எண் குறையக் குறையத்தான் கம்பி தடிக்கும். விலை கூடுதல்தான். பணம் போதாவிட்டால் கூட்டைச் சிறிதாக்காமல், பக்கங்களில் பாதியைப் பலகையால் அடைத்து மீதிக்கு மட்டும் இந்த வலையைப் போடுங்கள். முயல் இரவில் உறங்கும் அறைக்கு நான்கு பக்கமும் பலகையே நல்லது. வலையைச் சட்டத்தின் உட்புறத்தில் சிறு ஆணிகளால் அடித்தால், வெளியிலிருந்து ஒரு நாய் முட்டித் தள்ளியவுடன் ஆணிகள் வரிசையாகக் கழன்று வரும். வெளிப்புறத்தில் வைத்து, அதன்மேல் ரீப்பையை (மெல்லிய மரச்சட்டத்தை) அழுத்தி, வாஷரோடு ஸ்குரூ போட்டு முடுக்கினால், முட்டும் வேகம் சட்டத்தின்மேல் போய்விடும்.

தரையைக் கவனிக்காமல் விடுவது

நரி தோண்டும், ஊர்நாயும் தோண்டும். புல்லில் வைக்கும் அடியில்லாத கூண்டானால், சுற்றிலும் இரண்டடி அகலத்துக்கு அதே வெல்ட்மெஷைத் தரையோடு தரையாக விரித்து, கூண்டின் அடிச் சட்டத்தோடு கட்டிவிடுங்கள். தோண்ட வரும் விலங்கு சுவர் ஓரத்தில்தான் மண்ணைப் பறிக்கும், இரண்டடி பின்னால் போய்த் தொடங்க அதற்குத் தோன்றாது. சில வாரங்களில் புல் வளர்ந்து வலையை மூடிவிடும். ஆனால் நமது நிலம் சரிவானது. பெருமழை ஒன்று பெய்தால் வலைக்கு அடியிலுள்ள மண் கானுக்குள் (வடிகாலுக்குள்) போய், ஒரு கை நுழையும் இடைவெளி விழுந்துவிடும். எனவே மழை விட்டதும் சுற்றி வந்து பார்ப்பது அவசியம்.

மேட்டை ஒட்டிக் கூடு வைப்பது

காற்றுக்கு மறைவாக இருக்கும் என்று மண் மேட்டோடு ஒட்டிக் கூட்டை வைப்பவர்கள், மேல் படிக்கட்டு நிலம் கூரைக்குச் சமமாக இருப்பதைக் கவனிப்பதில்லை. அங்கிருந்து கூரைமேல் கால்வைக்க எந்த விலங்கும் பாய வேண்டியதுகூட இல்லை. கல் ஏற்றி வைத்த தகரம் கூரையாகாது. அதைத் திருகாணியால் இறுக்கி, அடியில் வலையும் போட வேண்டும்.

கொளுக்கி

கதவில் கொளுக்கி மட்டும் இருந்தால், விலங்கு மூக்கால் தள்ளினாலே அது கழன்றுவிடும். நாதாங்கி போட்டு, அதில் பூட்டு மாட்டுங்கள்.

விளக்கை எரியவிடுவது

நரிக்கு அந்த வெளிச்சம் சில இரவுகளில் பழகிவிடும்.

காவலுக்கு நாயைக் கட்டுவது

சிறுத்தை நடமாடும் தோட்டங்களில் சங்கிலியில் கட்டிய நாயே அதற்கு இரை. முயலைக் காக்கப் போய் நாயையும் இழக்காதீர்கள்.

சுருக்கு வைப்பது

நரியைப் பிடிக்கக் கம்பிச் சுருக்கு வைக்கிறேன் என்று எவராவது சொன்னால் தயவுசெய்து தடுத்துவிடுங்கள். எந்த விலங்கு வந்து மாட்டும் என்பதைச் சுருக்கு வைத்தவர் தீர்மானிக்க முடியாது. 2020 மே மாதத்தில் நல்லதண்ணிப் பகுதியில், லக்சபான தோட்டத்தில் சுருக்கில் அகப்பட்ட அரிய கருஞ்சிறுத்தை, உடவளவைக்குக் கொண்டு செல்லப்பட்டுச் சிகிச்சை அளிக்கப்பட்டும் சில நாட்களில் இறந்தது. விஷமும் அப்படித்தான், பக்கத்து வீட்டு நாயும் பூனையும் முதலில் சாகும். தொல்லை மிகுந்தால் வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்துக்கு அறிவிப்பதே முறை.

காயமில்லை என்று விட்டுவிடுவது

நரி கூட்டைச் சுற்றிப் போய், உள்ளே வர முடியாமல் திரும்பிவிட்டது என்றால் ஆபத்து நீங்கியதாகக் கருத வேண்டாம். அச்சத்தால் மட்டுமே முயல் இறக்கக்கூடும். பதறி உதைத்துத் தன் முதுகெலும்பையே முறித்துக்கொள்வதும் உண்டு. ஓடி ஒளிய உள்ளே ஒரு பெட்டி இருந்தால் இந்த அபாயம் குறையும். காலையில் முதலில் புழுக்கையைப் பாருங்கள். வழக்கமான அளவு இல்லாமலோ மிகச் சிறிதாகவோ இருந்து, புல்லையும் தொடாமல் முயல் கூனிக் குந்தியிருந்தால் குடல் இயக்கம் நின்றுகொண்டிருக்கிறது என்று பொருள். அன்றே மிருக வைத்தியரிடம் கொண்டு போக வேண்டும், மறுநாள் வரை பொறுக்க முடியாது. கடிபட்ட முயலானால் வெறுங்கையால் தூக்காமல், தடித்த சாக்கால் சுற்றி எடுங்கள். நரி, நாய், கீரி ஆகியவற்றின் உமிழ்நீரில் விசர்நோய்க் (ரேபிஸ்) கிருமி இருக்கலாம். உங்கள் கையில் கீறல் இருந்து அந்த ஈரம் பட்டுவிட்டால், பீலியில் ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவி, முயலைப் பிறரிடம் ஒப்படைத்துவிட்டு நீங்கள் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.