போலீஸ் அதிகாரியின் சர்வீஸ் ரெக்கார்டை ஆர்.டி.ஐ.யில் கேட்பது எப்படி?

"இந்த இன்ஸ்பெக்டர் மேல் வந்த புகார்கள், கொடுத்த தண்டனைகள், எஸ்.ஆர். (பணிப் பதிவேடு) நகல் எல்லாம் வேண்டும்" என்று மொத்தமாகக் கேட்டு மனு போட்டால் என்ன பதில் வரும் என்று இப்போதே சொல்லிவிடலாம். தனிப்பட்ட தகவல், தகவல் அறியும் உரிமைச் சட்டப் பிரிவு 8(1)(ஜே)யின்படி தர இயலாது. அவ்வளவுதான்.

அரசு ஊழியருக்குத் தரப்பட்ட மெமோ, தண்டனை உத்தரவெல்லாம் அவருக்கும் துறைக்கும் இடையிலான விஷயம் என்று 2012-ல் கிரிஷ் தேஷ்பாண்டே வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதிலிருந்து இந்தப் பதில் ரெடிமேடாகவே இருக்கிறது. போதாக்குறைக்கு, டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அந்தப் பிரிவை இன்னும் இறுக்கிவிட்டது. 2025 நவம்பரில் திருத்தம் அமலுக்கு வந்தபோது, அதற்குள்ளேயே இருந்த பொதுநலன் விலக்கு போய்விட்டது. மிச்சம் இருப்பது பிரிவு 8(2): பாதிப்பைவிடப் பொதுநலன் பெரிது என்றால் தகவலைத் தரலாம். காரணம் கேட்கக் கூடாது என்று 6(2) சொன்னாலும், நீங்களாகவே மனுவில் 8(2)-ஐக் குறிப்பிட்டு, பொதுநலன் என்ன என்பதை இரண்டு வரியில் எழுதிவிடுங்கள். மேல்முறையீட்டில் அதுதான் கைகொடுக்கும்.

ஆளைப் பற்றிக் கேட்காதீர்கள், நடவடிக்கையைப் பற்றிக் கேளுங்கள். நீங்களே புகார் கொடுத்திருந்தால் உங்கள் நிலை இன்னும் வலுவானது. இப்படி எழுதலாம்: "இன்ன தேதியில் நான் அளித்த, இன்ன சி.எஸ்.ஆர். எண் கொண்ட புகார் மீது நடந்த விசாரணையின் அறிக்கை நகல், விசாரித்த அதிகாரியின் பதவி, தமிழ்நாடு காவல் சார்நிலைப் பணி ஒழுங்கு மற்றும் மேல்முறையீட்டு விதிகளின் 3(ஏ) அல்லது 3(பி)யின் கீழ் நடவடிக்கை தொடங்கப்பட்டிருந்தால் அதன் பி.ஆர். எண், இறுதி உத்தரவின் நகல்." (சி.எஸ்.ஆர். என்பது ஸ்டேஷனில் தரும் புகார் ரசீது. 3(ஏ) சிறு தண்டனைக்கு, 3(பி) பெரும் தண்டனைக்கு. பி.ஆர். என்பது தண்டனைப் பதிவேடு.) முழுதும் தர முடியாவிட்டால் பிரிவு 10-ன்படி தனிப்பட்ட விவரங்களை மறைத்துத் தரவும் என்று ஒரு வரி சேருங்கள். "ஏன் நடவடிக்கை எடுக்கவில்லை?" என்று மட்டும் கேட்காதீர்கள், காகிதத்தில் இருப்பதைத்தான் தருவார்கள், விளக்கம் தர மாட்டார்கள்.

மாவட்டமென்றால் எஸ்.பி. அலுவலகம், மாநகரமென்றால் கமிஷனர் அலுவலகம். பொதுத் தகவல் அலுவலர் என்று முகவரியிட்டு, 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். சம்பந்தப்பட்ட அதிகாரியிடம் கருத்துக் கேட்டால் (பிரிவு 11) 40 நாள் வரை ஆகலாம். அவர் ஆட்சேபித்தார் என்பதற்காகவே மறுத்துவிட முடியாது, முடிவு தகவல் அலுவலருடையதுதான். பதில் வராவிட்டாலோ மறுத்தாலோ 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அதற்குக் கட்டணம் கிடையாது. அங்கேயும் நடக்கவில்லையென்றால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். அங்கே காத்திருக்கத் தயாராக இருங்கள்.

லஞ்ச ஒழிப்புத் துறை போன்ற சில பிரிவுகளுக்குத் தமிழக அரசு விலக்கு கொடுத்திருக்கிறது, அதைக் காட்டித் திருப்பி அனுப்புவார்கள். ஊழல், மனித உரிமை மீறல் குறித்த தகவலுக்கு அந்த விலக்கு செல்லாது என்று 24(4)-லேயே இருக்கிறது, அதை எடுத்துக் காட்டுங்கள்.

ஆர்.டி.ஐ. போடும் முன் ஒரு வேலை செய்யுங்கள், பலர் இதைச் செய்வதே இல்லை. தண்டனை வாங்கிய போலீஸ்காரர் அதை ரத்து செய்யச் சொல்லி உயர் நீதிமன்றம் போவது சாதாரணம். அவரே போட்ட ரிட் மனுவின் தீர்ப்பில், குற்றச்சாட்டு என்ன, விசாரணையில் என்ன நிரூபணமானது, எத்தனை வருட இன்கிரிமென்ட் வெட்டு என்பதெல்லாம் வரிக்கு வரி இருக்கும். அது பொது ஆவணம், யாரிடமும் கேட்க வேண்டாம். உயர் நீதிமன்ற இணையதளத்தில் பெயரைப் போட்டுத் தேடினாலே போதும். ஒரே பெயரில் பலர் இருப்பார்கள், அதனால் பதவியையும் ஸ்டேஷனையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு நம்புங்கள். மாநில மனித உரிமை ஆணைய உத்தரவுகளையும் அப்படியே ஒரு பார்வை பாருங்கள். இழப்பீட்டை அதிகாரியின் சம்பளத்தில் பிடிக்கச் சொன்ன உத்தரவுகளில் நடந்த சம்பவமும் விவரமாக இருக்கும்.

அதில் கிடைக்கும் வழக்கு எண்ணையும் உத்தரவுத் தேதியையும் மனுவில் குறிப்பிட்டு, "இந்த உத்தரவு நிறைவேற்றப்பட்டதா, அதற்கான செயல்முறை ஆணையின் நகல்" என்று கேளுங்கள். விவரமே ஏற்கெனவே வெளியில் இருக்கும்போது, தனிப்பட்ட தகவல் என்று தட்டிக்கழிப்பது அவர்களுக்கு அவ்வளவு சுலபமாக இருக்காது.