பி.இ., பி.எஸ்சி. படித்தவர்கள் இன்வெஸ்ட்மென்ட் பேங்கிங்கில் நுழைவது எப்படி?

படி 1: எந்த வேலை என்று தெளிவாகுங்கள்

இந்தப் பெயரில் இரண்டு வேலைகள் உலவுகின்றன. கம்பெனிகளை வாங்க, விற்க, ஐபிஓ (பொதுமக்களுக்கு முதல்முறை பங்கு விற்பது) கொண்டுவர ஆலோசனை சொல்வது ஒன்று. பங்கு செட்டில்மென்ட் (வாங்கியவருக்குப் பங்கும் விற்றவருக்குப் பணமும் சேர்ப்பது), கேஒய்சி சரிபார்ப்பு என்று போகும் ஆபரேஷன்ஸ் வேலை மற்றொன்று. "பிளேஸ்மென்ட் உறுதி" என்று நோட்டீஸ் அடிக்கும் கோர்ஸ்கள் பெரும்பாலும் இரண்டாவதற்குத்தான் ஆள் அனுப்புகின்றன. அதுவும் நல்ல வேலைதான். ஆனால் அங்கே சேர்ந்துவிட்டு முதலாவதற்கு மாறுவது கஷ்டம். பணம் கட்டும் முன், போன பேட்ச் எந்தப் பதவியில் சேர்ந்தது என்று கேளுங்கள். இந்தப் பதிவு முதலில் சொன்ன ஆலோசனை வேலைக்கானது.

படி 2: கணக்கு

தமிழ்நாடு பாடநூல் கழகத்தின் பிளஸ் 1, பிளஸ் 2 கணக்குப்பதிவியல் புத்தகங்கள் இலவசமாக இணையத்தில் கிடைக்கின்றன, தமிழிலேயே. தினம் 2 மணி நேரம் ஒதுக்கினால் ஒன்றரை மாதத்தில் முடிக்கலாம். இதைப் படிக்காமல் நேராக வேல்யூவேஷன் (கம்பெனியின் மதிப்பைக் கணக்கிடுவது) வீடியோக்களுக்குப் போகிறவர்கள்தான் இன்டர்வியூவில் மாட்டுகிறார்கள்.

படி 3: ஒரே ஒரு கம்பெனிக்கு மாடல் போடுங்கள்

மாடல் என்றால் கம்பெனியின் கணக்கை எக்செலில் ஏற்றி, வரும் வருடங்களை மதிப்பிடுவது. பத்துக் கம்பெனியை மேலோட்டமாக மேய வேண்டாம். மதுரைக்காரர்களுக்கு டிவிஎஸ் ஸ்ரீசக்ரா வசதி: பதிவு அலுவலகம் மேற்கு வெளி வீதியில், டயர் ஆலை மேலூர்ச் சாலையில் வெள்ளரிப்பட்டியில். ரப்பர் விலை ஏறினால் லாபம் ஏன் இறங்குகிறது, மோல்டுக்கும் மெஷினுக்கும் ஏன் இவ்வளவு முதலீடு என்பதெல்லாம் மெக்கானிக்கல் படித்தவருக்கு பி.காம். மாணவரைவிடச் சீக்கிரம் பிடிபடும். உங்கள் பட்டம் கைகொடுக்கும் இடம் இதுதான்.

5 வருட ஆண்டறிக்கையை இறக்கி, கன்சாலிடேட்டட் (துணை நிறுவனங்களையும் சேர்த்த) எண்களை மட்டும் எக்செலில் கையால் ஏற்றுங்கள். லட்சமா, கோடியா என்று ஒவ்வொரு பக்கத் தலைப்பிலும் பாருங்கள். நீங்கள் தட்டச்சு செய்த எண் நீல நிறம், ஃபார்முலா கறுப்பு. இது இந்தத் துறையின் வழக்கம். பிறகு லாபநட்டக் கணக்கு, பேலன்ஸ் ஷீட், கேஷ் ஃப்ளோ மூன்றையும் இணைத்து, அடுத்த 5 வருடத்துக்கு நீட்டுங்கள்.

பேலன்ஸ் ஷீட் முதல் தடவை டேலி ஆகாது. எல்லா வருடமும் ஒரே தொகை இடித்தால் தொடக்க இருப்பில் பிழை. வருடாவருடம் கூடிக்கொண்டே போனால் கேஷ் ஃப்ளோவில் ஏதோ ஒரு வரி விட்டுப்போயிருக்கிறது, அல்லது கூட்டல் கழித்தல் மாறியிருக்கிறது. முதல் வருட வித்தியாசத்தை 2-ஆல் வகுங்கள். அந்தத் தொகை எந்த வரியில் இருக்கிறதோ, அங்கேதான் குறி மாறியிருக்கும். சரக்கிருப்பும் வரவேண்டிய பாக்கியும் கூடினால் பணம் குறையும் என்பதில்தான் முக்கால்வாசிப் பேர் சறுக்குகிறார்கள். வித்தியாசத்தை மறைக்க ஒரு எண்ணைத் திணிக்காதீர்கள். இன்டர்வியூ எடுப்பவர் முதலில் தேடுவதே அதைத்தான்.

படி 4: தேர்வு

சிஎஃப்ஏ (சர்வதேச நிதித்துறைத் தேர்வு) முதல் நிலை, என்ஐஎஸ்எம் (செபி தொடங்கிய பயிற்சி நிறுவனம்) மெர்ச்சன்ட் பேங்கிங் தேர்வு இரண்டும் ஆர்வத்துக்குச் சாட்சி. அவற்றால் மட்டும் வேலை வராது. பெரிய வங்கிகளுக்கு கேட் (CAT, எம்பிஏ நுழைவுத் தேர்வு) எழுதி முன்வரிசை ஐஐஎம் போவதுதான் நேர்வழி. சிஏவும் ஒரு வழி: காமர்ஸ் அல்லாத பட்டத்தில் 60% இருந்தால் ஃபவுண்டேஷன் எழுதாமல் நேராக இன்டர்மீடியட் சேரலாம்.

படி 5: சிறிய கதவைத் தட்டுங்கள்

சென்னை, மும்பையில் உள்ள சின்ன ஆலோசனை நிறுவனங்கள், ஆடிட் நிறுவனங்களின் வேல்யூவேஷன் பிரிவு, ரிசர்ச் கேபிஓக்கள் (வெளி நிறுவனங்களுக்கு ஆய்வு வேலை செய்து தருபவை) ஆகியவற்றில் இன்டர்ன்ஷிப் கேளுங்கள். பங்குச்சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபியின் தளத்தில் ஐபிஓ வரைவு ஆவணங்களைத் திறந்தால் முதல் பக்கங்களிலேயே மெர்ச்சன்ட் பேங்கர்கள் (அந்த ஐபிஓவை நடத்தும் நிறுவனங்கள்) பெயரும் மின்னஞ்சலும் இருக்கும். 6 வரியில் மெயில், ஒரு பக்க ரெஸ்யூமே, உங்கள் மாடல். பதில் வராவிட்டால் பத்து நாள் கழித்து ஒருமுறை நினைவூட்டுங்கள், அதற்கு மேல் வேண்டாம்.

படி 6: இன்டர்வியூ

"தேய்மானம் 10 ரூபாய் கூடினால் என்ன ஆகும்?" என்ற கேள்வி எங்கும் வரும். வரி 25% என்று வைத்துக்கொண்டால், நிகர லாபம் 7.50 குறையும். தேய்மானத்தில் பணம் வெளியே போகாததால் கேஷ் ஃப்ளோவில் 10-ஐத் திரும்பக் கூட்ட, ரொக்கம் 2.50 கூடும். பேலன்ஸ் ஷீட்டில் ரொக்கம் 2.50 ஏறி, நிலையான சொத்து 10 இறங்கும். மறுபக்கம் ரிசர்வ் (சேர்த்துவைத்த லாபம்) 7.50 இறங்கும். பேப்பர் இல்லாமல், ஆங்கிலத்தில், ஒரு நிமிடத்துக்குள் சொல்லும்வரை வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள்.