எட்டாவதோடு பள்ளியை விட்டவர்கள் எம்.ஏ. சேர்வது எப்படி?

எட்டாம் வகுப்புக்குப் பிறகு நான் பள்ளிக்கூடம் போகவில்லை. திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்துக்கொண்டே பத்தாவதையும் பிளஸ் டூவையும் தனித்தேர்வராக எழுதினேன். பி.ஏ. தமிழ் தொலைநிலைக் கல்வியில் முடித்தேன். இப்போது அரசு கலைக் கல்லூரியில் ரெகுலராக எம்.ஏ. படிக்கிறேன். கம்பெனியில் கூட வேலை பார்த்த பெண்கள் வழி கேட்கிறார்கள். அவர்களுக்காக இது.

எல்லாவற்றுக்கும் முன்னால் வரிசையைப் பாருங்கள்: பத்தாவது, பிளஸ் டூ, அப்புறம் மூன்று வருடப் பட்டம். ஒரு காலத்தில் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் இளங்கலைப் பட்டமே இல்லாமல் நேரே எம்.ஏ. சேர்ந்தவர்கள் உண்டு. அந்த எம்.ஏ. செல்லாது என்று 2009இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதே ஆண்டு தமிழக அரசும், பத்தாவதும் பிளஸ் டூவும் முடித்த பிறகு வாங்கிய திறந்தநிலைப் பட்டத்தைத்தான் அரசு வேலைக்கு ஏற்போம் என்று அரசாணை போட்டது. அதனால் "பிளஸ் டூ தேவையில்லை, நேராகப் பட்டம் வாங்கித் தருகிறோம்" என்று யார் சொன்னாலும் பணம் கட்டாதீர்கள். பிளஸ் டூவைத் தனித்தேர்வராகவோ, தேசியத் திறந்தநிலைப் பள்ளி வழியாகவோ முதலில் முடியுங்கள். ஏற்கெனவே வரிசை மாறிப் படித்தவர்கள், சேரப்போகும் பல்கலைக்கழகத்தின் தகுதி விதியைப் படித்துவிட்டு, சந்தேகத்தை எழுத்தில் கேட்டு எழுத்திலேயே பதில் வாங்குங்கள். போனில் சொன்ன வார்த்தை சேர்க்கை நாளில் உதவாது.

தொலைநிலையில் பட்டம் வாங்கியவர்கள் இன்னொன்றும் பார்க்க வேண்டும். நீங்கள் சேர்ந்த ஆண்டில் அந்தப் பாடத்துக்கு யு.ஜி.சி. என்ற பல்கலைக்கழக மானியக் குழுவின் அனுமதி இருந்ததா? அவர்களுடைய தொலைநிலைக் கல்விப் பிரிவின் இணையதளத்தில் பட்டியல் இருக்கிறது. அனுமதியோடு வாங்கிய பட்டம் ரெகுலர் பட்டத்துக்குச் சமம் என்று 2022 செப்டம்பரில் யு.ஜி.சி. அறிவித்தது. அந்த அறிவிப்பைப் பிரிண்ட் எடுத்து ஃபைலில் வையுங்கள். கேட்கிறவர்களிடம் வாதாடாமல் அதை நீட்டலாம்.

அப்புறம் சான்றிதழ்கள். நம்மைப் போன்றவர்களுக்கு நேரம் போவது இதில்தான். ஒரே பள்ளியில் படித்தவர்களுக்கு எல்லாம் ஓரிடத்தில் கிடைக்கும். நமக்கு ஒவ்வொன்றும் ஒவ்வொரு அலுவலகம். மதிப்பெண் சான்றிதழ்கள், புரொவிஷனல் என்ற தற்காலிகப் பட்டச் சான்றிதழ், கடைசியாகப் படித்த இடத்தின் டி.சி., வேறு பல்கலைக்கழகம் என்றால் மைக்ரேஷன் என்ற இடப்பெயர்வுச் சான்றிதழ். இறுதித் தேர்வு எழுதிய கையோடு விண்ணப்பித்துவிடுங்கள், வந்து சேர நாளாகும். எல்லாவற்றிலும் பெயர், இனிஷியல், பிறந்த தேதி ஒன்றாக இருக்கிறதா என்று வரிசையாக வைத்துப் பாருங்கள். எட்டாவது டி.சி.யில் ஒரு இனிஷியல், பிளஸ் டூவில் வேறொன்று என்றால் இப்போதே திருத்தத்துக்குக் கொடுங்கள்.

விண்ணப்பம் எளிது. அரசு கலைக் கல்லூரிகளுக்கு டி.என்.ஜி.ஏ.எஸ்.ஏ. என்ற அரசு இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். மத்தியப் பல்கலைக்கழகம் வேண்டுமென்றால் கியூட் பி.ஜி. நுழைவுத் தேர்வு, திருவாரூரும் புதுச்சேரியும் நமக்குப் பக்கம். நுழைவுத் தேர்வில் எல்லாருக்கும் ஒரே வினாத்தாள் என்பதால், நம்மைப் போலப் பள்ளியைப் பாதியில் விட்டவர்கள் அதை அவசியம் எழுத வேண்டும் என்பது என் எண்ணம்.

சேர்க்கையின்போது "ஏன் இத்தனை வருட இடைவெளி?" என்று கேட்பார்கள். "வேலைக்குப் போனேன்" என்று நிமிர்ந்து சொல்லுங்கள். அதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

வகுப்பு தொடங்கியதும் சிரமம் வேறு மாதிரி இருக்கும். தனியாகப் படித்துப் பழகிய நமக்கு எழுந்து நின்று செமினார் எடுப்பது புதிது. இன்டர்னல் மதிப்பெண் அதில்தான் இருக்கிறது, ஆகவே முதல் செமஸ்டரிலேயே பெயர் கொடுங்கள். பாட நூல் வாங்கப் பணம் இல்லையென்றால் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் சங்க இலக்கிய உரைகள் இலவசமாகவே கிடைக்கும். மதிப்பெண்ணில் 55 சதவீதத்துக்குக் கீழே போகாதீர்கள். கல்லூரி ஆசிரியராக நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வு எழுத முதுகலையில் அவ்வளவு வேண்டும், எஸ்.சி., எஸ்.டி., கிரீமி லேயரில் வராத ஓ.பி.சி., மாற்றுத்திறனாளிகளுக்கு 50.