கொடிக்கால் பார்க்கக் குழுவாகப் போகும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கும்பகோணம் வெற்றிலைக்கு 2025 ஏப்ரலில் புவிசார் குறியீடு கிடைத்தது. கோயில் சுற்ற வரும் சிறு குழுக்களை சுவாமிமலை, ராஜகிரி, பண்டாரவாடை பக்கம் ஒரு கொடிக்காலுக்கும், அதாவது வெற்றிலைத் தோட்டத்துக்கும், அழைத்துப் போவது நல்ல ஏற்பாடுதான். ஆனால் அதைத் தென்னந்தோப்பு மாதிரி நினைத்து நுழைந்துவிடக் கூடாது.

இருப்பதிலேயே பெரிய தவறு, ஒரே காலையில் இரண்டு மூன்று கொடிக்கால் பார்ப்பது. வெற்றிலைக்கு எமன் வாடல் நோய். அதை உண்டாக்கும் பைட்டோப்தோரா என்ற நுண்ணுயிரி, ஈர மண்ணிலும் பாயும் தண்ணீரிலும் பரவும். முதல் கொடிக்காலின் சேறு செருப்போடு அடுத்ததற்குப் போனால் நோயும் கூடவே போகலாம். தண்டின் அடி கருத்து அழுகும். இலை பளபளப்பு இழந்து தொங்கும். அது கண்ணில் படும்போது வேர் போயிருக்கும். ஆகவே ஒரு நாளைக்கு ஒன்று போதும். செருப்பை வெளியே விட்டு, காலைக் கழுவித் துடைத்துவிட்டு உள்ளே போங்கள். கொடிக்காலுக்குள் செருப்புக் கூடாது என்ற பழைய வழக்கம் பயிருக்கும் காவல். ஐப்பசி, கார்த்திகை மழையிலும், தண்ணீர் பாய்ச்சிய மறுநாளும் போகவே வேண்டாம். தை பிறந்து பங்குனி வரை தோதான காலம்.

ஆறு பேருக்கு மேல் கூட்டிப் போகாதீர்கள். பாத்தி சுமார் இரண்டு மீட்டர் அகலம், இரண்டு பாத்திக்கு நடுவில் வடிகால் அரை மீட்டர்தான். கூட்டம் நெருக்கினால் யாராவது பாத்தியில் கால் வைப்பார், தடுமாறி அகத்தியைப் பிடிப்பார். அகத்தி மென்மரம். அதில் சாணுக்கு ஒரு கட்டாக வாழைநாரால் கொடியைக் கட்டியிருப்பார்கள். கணுவில் விட்ட பற்றுவேர் பட்டையைப் பிடித்திருக்கும். ஒருமுறை இழுபட்டால் வேர் பிய்ந்து கொடி தொங்கிவிடும்.

கண்டதும் கிள்ளி வாயில் போடுவது அடுத்த தவறு. வாடலைத் தடுக்க மயில்துத்தமும் (காப்பர் சல்பேட்) சுண்ணாம்பும் கரைத்த போர்டோ கலவை விடுவார்கள். பிரான்சின் போர்டோ திராட்சைத் தோட்டங்களில் 1880களில் உருவான மருந்து அது. ஒயின் கொடியைக் காத்தது நம் வெற்றிலைக்கும் உதவுகிறது. கடைசியாக என்ன மருந்து, எப்போது அடித்தார்கள் என்று கொடிக்கால்காரரிடம் கேட்டு, அவரே கொடுக்கும் இலையை இருபுறமும் கழுவித் துடைத்த பிறகே சுவையுங்கள்.

சுவைப்பதற்கும் வரிசை உண்டு. காம்பும் நுனியும் கிள்ளி, முதலில் கொழுந்தை வெறுமனே மெல்லுங்கள். பிறகு முற்றிய இலை. முதலிலேயே காரத்தைத் தின்றால் கொழுந்தின் மணம் நாக்குக்குத் தெரியாது. சீவலும் புகையிலையும் இந்தச் சுவைப்பில் வேண்டவே வேண்டாம்: பாக்கு புற்றுநோய் தரும் என்பது உறுதியானது, இலையின் ருசியையும் மறைக்கும். கிராம்பு, கற்கண்டு வைத்துக்கொள்ளலாம்.

காலையில் கட்டைவிரலில் இரும்பு நகம் மாட்டி இலை கிள்ளுகிறவர்களை நிறுத்திப் பேச்சுக் கொடுக்காதீர்கள். நூறு இலை ஒரு கவுளி. எண்ணி அடுக்குகையில் குறுக்கிட்டால் கணக்குத் தப்பும். கட்டு சந்தைக்குப் போன பிறகு பேசலாம். கொடிக்கால்காரருக்கும் கிள்ளுகிறவர்களுக்கும் எவ்வளவு என்பதை முன்னாலேயே பேசி முடித்துவிடுங்கள். வெறும் கையோடு திரும்பாமல் தலைக்கு ஒரு கவுளியாவது வாங்குங்கள்.

வாங்கியதைப் பிளாஸ்டிக் பையில் கட்டி வெயிலில் நிற்கும் வேனில் வைத்தால் புழுங்கி அழுகிவிடும். வாழையிலையில் சுற்றி, மேலே ஈரத்துணி போட்டு நிழலில் கொண்டுபோங்கள்.