பழைய தோட்டா பிரஸ்ஸைச் சீர்செய்யும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

காவிரிப் படுகையின் பழைய மிராசுதார் வீடுகள் சிலவற்றில், உரிமம் பெற்ற 12 போர் (bore, குழல் விட்டத்தின் அளவு) துப்பாக்கியோடு அதற்கான தோட்டாக்களை வீட்டிலேயே நிரப்பிக்கொள்ளும் கருவியும் இருந்தது. அறுவடை முடிந்த வயல்களில் உள்ளானும் ஏரிகளில் வாத்தும் சுடப்போன காலம் அது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அதற்கு 1991-இல் வந்த திருத்தமும் அந்தப் பழக்கத்துக்கு முற்றுப்புள்ளி வைத்த பிறகு, கருவி பரணுக்கோ நெல் குதிருக்குப் பின்னாலோ போய்விட்டது. வீடு இடிக்கும்போதோ பாகம் பிரிக்கும்போதோ அது வெளியே வருகிறது. துருவும் களிம்பும் ஏறிய அதைக் கண்டதும் பேரப்பிள்ளைகளுக்குப் பளபளப்பாக்கிப் பார்க்கும் ஆசை பிறக்கிறது. இத்தகைய கருவிகளை ஐம்பது அறுபது ஆண்டுக் காலம் கெடுத்ததைவிட, மீட்க முனைந்தவர்களின் முதல் வார உற்சாகம் கெடுத்ததே அதிகம் என்பது என் எண்ணம்.

இவற்றில் பெரும்பாலும் இரண்டு வகைகள் காணப்படும். ஒன்று, மேசை விளிம்பில் இறுக்கிக்கொண்டு கைப்பிடியைச் சுழற்றினால் காகிதத் தோட்டாவின் வாயை உட்புறமாகச் சுருட்டி மூடும், பித்தளையும் இரும்பும் மரக் கைப்பிடியும் கொண்ட சிறு ஆங்கிலேயக் கருவி. ஷெஃபீல்டு நகரின் ஜேம்ஸ் டிக்சன், ஹாக்ஸ்லி போன்ற நிறுவனங்களின் முத்திரையை இதில் பார்க்கலாம். மற்றொன்று, நீண்ட நெம்புகோலும் வார்ப்பிரும்புச் சட்டமும் உடைய கனத்த பிரஸ். இது பெரும்பாலும் அமெரிக்காவில், லைமன், பசிபிக், 1943-இல் கலிஃபோர்னியாவின் ஓரோவில்லில் தொடங்கிய ஆர்.சி.பி.எஸ். போன்ற பெயர்களில் உருவானது. முன்னதில் கெடுவது பித்தளையும் மரமும். பின்னதில் கெடுவது மரையும் உராயும் பரப்பும். ஆகவே இரண்டுக்கும் ஒரே வைத்தியம் செய்வதே ஒரு தவறு.

சட்டத்தைக் கடைசியாகப் பார்ப்பது

இரும்புதானே, இதில் என்ன இருக்கிறது என்று பலரும் நினைக்கிறார்கள். 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் அப்படி நினைக்கவில்லை. அதன் 2-ஆம் பிரிவு ‘வெடிபொருள்’ (ammunition) என்ற சொல்லை விளக்கும்போது, தோட்டாவை மட்டுமன்றித் தோட்டாவின் பாகங்களையும் தோட்டா செய்வதற்கான இயந்திரங்களையும் அதற்குள் சேர்க்கிறது. 5-ஆம் பிரிவோ உற்பத்தி, விற்பனை, கைமாற்றம் ஆகியவற்றோடு பழுதுபார்த்தலையும் உரிமத்துக்கு உட்பட்ட செயலாகக் குறிப்பிடுகிறது. பழங்காலத்துப் பொருளுக்கு விலக்கு உண்டே என்று சிலர் சொல்வதைக் கேட்கலாம். 45-ஆம் பிரிவில் உள்ள அந்த விலக்கு, சுடவே இயலாத பழைய ஆயுதத்தைப் பற்றியது; தோட்டா செய்யும் இயந்திரத்தை அது பெயர் சொல்லி விலக்கவில்லை. எனவே தாத்தாவின் துப்பாக்கி உரிமம் அவரோடு முடிந்துபோன வீட்டில் இந்தக் கருவி மட்டும் கிடந்தால், திருகைத் தொடுவதற்கு முன் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தின் ஆயுத உரிமப் பிரிவில் எழுத்து மூலமாகக் கேட்டு, பதிலையும் எழுத்து மூலமாகப் பெற்றுக்கொள்வதே முறை. வைத்திருக்க இயலாது என்ற பதில் வந்தால், 21-ஆம் பிரிவின்படி காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற விற்பனையாளரிடமோ ஒப்படைக்கும் வழி இருக்கிறது. கருவியைப் பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போடுவதும், இணையத்தில் படம் போட்டு விலை கேட்பதும் கைமாற்றம் என்ற கணக்கில் சேரக்கூடும் என்பதால் அவற்றைக் கண்டிப்பாகத் தவிர்க்க வேண்டும். இனி வருவதெல்லாம், அனுமதி தெளிவாகி, காட்சிப் பொருளாகப் பாதுகாக்க மட்டும் முனைபவர்களுக்கானது.

பெட்டியைக் கவிழ்த்துக் கொட்டுவது

கருவி தனியாகக் கிடைப்பதில்லை. கூடவே ஒரு தகரப் பெட்டி இருக்கும். அதில் அட்டை வில்லைகள், அளவுக் கரண்டி, பால்ரஸ் குண்டுகள், சில சமயம் கேப்புகள் (தோட்டாவின் அடியில் இருந்து, அடிபட்டதும் மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடிகள்), மூடி கழன்ற மருந்து டப்பா எல்லாம் கலந்து கிடக்கும். அதைத் திண்ணையில் கவிழ்த்துக் கொட்டுவதுதான் எல்லாத் தவறுகளிலும் ஆபத்தானது. கரிமருந்து ஈரம் படாமல் இருந்தால் நூறு ஆண்டுகள் கழித்தும் உயிரோடு இருக்கும். பழைய கேப்புகளில் மெர்குரி ஃபல்மினேட் இருந்திருக்கலாம். தட்டினாலோ உரசினாலோ சூடுபட்டாலோ வெடிக்கும் இயல்புடையது அது. புகையில்லா மருந்தோ நாள்பட்டால் சிதைந்து, காரமான அமில நெடியும் செம்பழுப்புப் புகையும் விடும். இவற்றில் எது கண்ணில் பட்டாலும் கையை எடுத்துவிட்டு, அறையைப் பூட்டி, காவல் நிலையத்துக்குத் தெரிவிக்க வேண்டும். வெடிகுண்டு செயலிழப்புப் பிரிவினர் வந்து எடுத்துச் செல்வார்கள். தண்ணீரில் ஊற வைத்து வாய்க்காலில் கொட்டிவிடலாம் என்ற யோசனை ஊரில் யாராவது சொல்வார்கள். அதைக் கேட்க வேண்டாம்.

கருவியிலேயே கேப்பு சிக்கியிருக்கக் கூடும் என்பதும் நினைவில் இருக்க வேண்டும். காலித் தோட்டாவிலிருந்து பழைய கேப்பைத் தள்ளிப் புதியதைப் பொருத்தும் முனை, அதன் கீழுள்ள குழி, அவற்றைச் சுற்றிய பிளவுகள் ஆகியவற்றை டார்ச் வெளிச்சத்தில் பார்த்து முடிக்காமல் சுத்தியலோ வெப்பமோ அருகில் வரக் கூடாது. குண்டுகளின் மேல் படிந்த வெண்தூளும் ஈயமே. உலர்ந்த துணியால் தட்டித் துடைப்பதும் துடைப்பத்தால் பெருக்குவதும் அதைக் காற்றில் ஏற்றிவிடும். ஈரத் துணியால் துடைத்து, அந்தத் துணியைத் தனியாக ஒதுக்கி, சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். குழந்தைகளை அந்தப் பக்கம் விடவே கூடாது.

பித்தளையைக் குத்துவிளக்கு போலத் தேய்ப்பது

கும்பகோணமும் நாச்சியார்கோயிலும் பக்கத்தில் இருப்பதன் பயனும் தொல்லையும் இங்கேதான் வெளிப்படுகின்றன. பித்தளை என்றால் புளி, எலுமிச்சை, சாம்பல் என்று கை தானாகப் போகும். அதிலும் வேகம் வேண்டுமானால் பாத்திரப் பட்டறையில் பஃபிங் சக்கரத்தில் கொடுத்து வாங்கிவிடலாம். பூசைப் பாத்திரத்துக்கு அது பொருந்தும். தயாரித்தவர் பெயர், போர் எண், சிறு அளவுக் கோடுகள் ஆகியவை மெல்லிய ஆழத்தில் பொறிக்கப்பட்ட ஒரு கருவியில், பஃபிங் சக்கரம் ஒரு நிமிடத்தில் முத்திரையின் ஓரங்களை மழுக்கி, இரண்டு நிமிடத்தில் அது என்ன கருவி என்று யாராலும் சொல்ல முடியாதபடி செய்துவிடும். மங்கிய பழுப்பு நிறத்தைத் தேடிப்பிடித்து வாங்குகிற சேகரிப்பாளர்களுக்குப் பளபளக்கும் கருவி என்றாலே சந்தேகம் வரும். அந்தச் சந்தேகம் நியாயமானதும்கூட. புளியின் அமிலத்தில் நெடுநேரம் ஊறினால் பித்தளையின் துத்தநாகம் மேற்பரப்பிலிருந்து கரைந்து, செம்பின் இளஞ்சிவப்புத் திட்டுகள் தங்கிவிடும். அதை எந்தத் தேய்ப்பும் திருப்பித் தராது.

அமோனியா கலந்த மெருகுத் திரவங்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் தோட்டாவின் வரலாற்றிலேயே அதற்கு ஒரு பாடம் இருக்கிறது. பிரிட்டிஷ் இந்தியாவில் மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் அடுக்கி வைத்த பித்தளைத் தோட்டாக் கூடுகள், யாரும் தொடாமலே வெடிப்பு விட்டன. குதிரைச் சிறுநீரிலிருந்து எழுந்த அமோனியாவும் ஈரக்காற்றும், கூட்டை இழுத்து உருவாக்கியபோது உலோகத்தில் தங்கிய இறுக்கமும் சேர்ந்தே அந்த வெடிப்பை உண்டாக்கின என்பதை 1921-இல் மூர், பெக்கின்சேல், மாலின்சன் ஆகியோர் விளக்கினர். நம் பக்கத்தில் குதிரை லாயம் இல்லை; மாட்டுக் கொட்டகை இருக்கிறது, யூரியா மூட்டை அடுக்கிய அறை இருக்கிறது. பித்தளை பாகங்களை அங்கே வைப்பதும் அமோனியா மெருகில் ஊற வைப்பதும் ஒரே வகைத் தவறே. மிதமான சோப்பு நீர், மென்மையான தூரிகை, உடனே துடைத்து உலர்த்துதல் ஆகியவை போதும். அதன் பிறகும் போகாத கறையை அப்படியே விட்டுவிடலாம்.

வார்ப்பிரும்பிடம் பொறுமை இழப்பது

நெம்புகோல் பிரஸ்ஸின் சட்டம் வார்ப்பிரும்பு. அது அழுத்தத்தைத் தாங்கும், அடியைத் தாங்காது. இறுகிப்போன ஊசியாணியைக் கழற்றுவதற்காகச் சட்டத்தைத் தாங்கல் இல்லாமல் வைத்து ஓங்கி அடித்தால், ஆணி நகர்வதற்கு முன்பே சட்டத்தில் அதைத் தாங்கும் காது உடைந்துவிடும். துரு இளக்கும் எண்ணெயை விட்டு ஓரிரு நாள் காத்திருந்து, மறுபடி விட்டு, அடிக்கும் இடத்தின் அடியில் மரக்கட்டை கொடுத்து, பித்தளைத் தண்டு வைத்துத் தட்ட வேண்டும். உடைந்துவிட்டால் தெருமுனை வெல்டிங் கடைக்கு ஓடுவது அடுத்த தவறு. சாதாரண இரும்புக் குச்சியால், முன்சூடு இல்லாமல் பற்ற வைத்த வார்ப்பிரும்பு, ஆறும்போது ஒட்டின் பக்கத்திலேயே மறுபடி விரிசல் விடும். நிக்கல் குச்சி, சீரான முன்சூடு, மெதுவான ஆறல் ஆகியவற்றை அறிந்தவர் கிடைக்கும்வரை உடைந்த துண்டுகளைப் பத்திரமாக எடுத்து வைப்பதே மேல். காட்சிப் பொருளுக்கு அவசரம் ஒன்றும் இல்லை.

துரு நீக்கத்தில் வினிகரும் அமிலமும் எளிய வழியாகத் தோன்றுகின்றன. ஆனால் அமிலம் வார்ப்பிரும்பின் நுண்துளைகளில் தங்கி, பெயின்ட் அடித்த பிறகும் உள்ளிருந்து கசியும். சலவை சோடாக் கரைசலில் பேட்டரி சார்ஜர் கொண்டு மின்னாற்பகுப்பு செய்வது மென்மையான முறை. அதிலும் நேர்மின்முனைத் (பாசிட்டிவ்) தகட்டுக்கு எவர்சில்வர் பாத்திரத்தைப் பயன்படுத்தினால், நச்சுத்தன்மையுள்ள குரோமியம் கரைந்து நீரில் கலக்கும். பழைய இரும்புத் தகடே அதற்கு ஏற்றது. அப்போது கிளம்பும் ஹைட்ரஜன் தீப்பற்றக் கூடியதாகையால் மூடிய அறை ஆகாது. சுருள்வில்களையும் பித்தளை, அலுமினியப் பாகங்களையும் தொட்டியில் இறக்கவே கூடாது. தொட்டியிலிருந்து எடுத்த வார்ப்பிரும்பு, ஐப்பசி மழைக்காற்றில் சில நிமிடங்களிலேயே மஞ்சள் பூத்துவிடும் என்பதால், இந்த வேலைக்குப் பங்குனி, சித்திரை வெயிலே உகந்தது.

மேலும் கீழும் போய்வரும் உருளைத்தண்டும் அது ஓடும் துளையும்தான் இந்தக் கருவியின் உயிர். துரு கண்டதும் உப்புத்தாள் வைத்துத் தேய்ப்பவர்கள், மயிரிழை அளவுக்குப் பொருந்தியிருந்த இரண்டையும் தளர்த்திவிடுகிறார்கள். பிறகு தண்டு ஆடும். அந்த ஆட்டத்தை நீக்க வழியே இல்லை. அங்கே மெல்லிய எஃகு நாரும் எண்ணெயும் மட்டும் போக வேண்டும். சட்டத்தின் மேல் வாயிலுள்ள மரையும் அப்படித்தான். பெரும்பாலான அமெரிக்க பிரஸ்களில் அது 7/8 அங்குல விட்டமும் அங்குலத்துக்கு 14 மரையும் கொண்டது. லேத் பட்டறையில் கிடைக்கும் மெட்ரிக் டேப்பை (மரை வெட்டும் கருவியை) விட்டு ‘சுத்தம்’ செய்தால் மரை சிதையும். அழுக்கை நைலான் தூரிகையால் எடுப்பதற்கு மேல் அங்கே எதுவும் செய்ய வேண்டியதில்லை.

சிறு திருகுகளிலும் இதே குழப்பம் வரும். ஆங்கிலேயக் கருவியில் விட்வொர்த் மரை, அமெரிக்கக் கருவியில் அந்நாட்டு மரை. கால் அங்குலத்தில் இரண்டுக்கும் அங்குலத்துக்கு 20 மரைதான். ஆனால் மரையின் கோணம் முன்னதில் 55 பாகை, பின்னதில் 60 பாகை. ஏறத்தாழ ஏறிவிடுகிறதே என்று முறுக்கினால் பாதியில் கடித்துக்கொள்ளும். அரை அங்குலத்தில் எண்ணிக்கையே 12, 13 என்று மாறிவிடும். கழற்றிய ஒவ்வொரு திருகையும் அதன் துளையின் பெயரோடு தனித்தனிக் காகித உறையில் போட்டு வைத்தால், புதிய திருகு தேடி அலையும் தேவையே பெரும்பாலும் வராது.

பெயின்ட் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை: பழைய பூச்சு பாதிக்கு மேல் இருந்தால் அடிக்க வேண்டாம், அடித்தே தீர வேண்டுமானால் கடைந்த பரப்புகளையும் மரைகளையும் எண்ணெய்த் துளைகளையும் ஒட்டுத்தாளால் மறைத்துவிட்டு அடிக்க வேண்டும். பழைய பூச்சிலும் ஈயம் இருக்கக் கூடுமாகையால் உலர்வாகச் சுரண்டக் கூடாது. மரக் கைப்பிடிக்கு வார்னிஷ் வேண்டாம், ஆளிவிதை எண்ணெய் மெல்லியதாகத் தடவினால் போதும். அந்த எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டி மூலையில் எறிந்தால் அது தானே சூடேறித் தீப்பற்றும் என்பதால், விரித்துக் காய வைத்த பிறகே அப்புறப்படுத்த வேண்டும்.

இரும்புக்குத் தேங்காய் எண்ணெய் தடவும் வழக்கம் நம் வீடுகளில் வலுவாக இருக்கிறது. அது நாளடைவில் பிசினாகி, தூசியைப் பிடித்து, ஓடும் பாகங்களை இறுக்கிவிடும். தையல் இயந்திர எண்ணெயே சரி. நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கத்து உப்புக்காற்றில் எண்ணெய் மட்டும் போதாது. அதன் மேல் மெழுகுப் பூச்சும், மூடிய பெட்டியில் சிலிகா ஜெல்லும் வேண்டும். பெட்டியைத் தரையிலிருந்து உயர்த்தி, சுவரை ஒட்டாமல் வைத்து, வடகிழக்குப் பருவமழைக்கு முன்பும் பின்பும் திறந்து பார்த்து எண்ணெயைப் புதுப்பிக்க வேண்டும். ஆட்சியர் அலுவலகத்தின் பதில் கடிதத்தின் நகலையும், கழற்றுவதற்கு முன் எடுத்த படங்களையும் அதே பெட்டியில் நீர் புகா உறையில் வைத்துவிட்டால், அடுத்து அதைத் திறப்பவர் யாரிடமும் விளக்கம் கேட்டு அலைய வேண்டியிருக்காது.