கைக்குழந்தையோடு யோகா: ஒரு பாய் விரிக்கிற இடம் போதும்

பிரசவம் முடிந்த பெண்ணைப் பார்க்க வருகிறவர்கள் வயிறு எப்போது உள்ளே போகும் என்றுதான் முதலில் கேட்கிறார்கள். அந்தக் கேள்வியை இங்கே கொஞ்சம் தள்ளி வைக்கிறோம். இத்தனை மாதம் பாரம் தாங்கிய இடுப்படித் தசைகளும் (சிறுநீர்ப்பை, கருப்பையைக் கீழிருந்து தாங்குகிறவை), நடுவில் விலகி நிற்கிற வயிற்றுத் தசைகளும் முதலில் தேற வேண்டும். அதற்கு முன்பே வயிற்றைக் குறைக்கிற ஆசனங்களில் இறங்கினால் தும்மும்போது சிறுநீர் கசிவதும் அடிமுதுகு வலியும் சேர்ந்துகொள்ளும். அதனால் மூச்சு, இடுப்படி, முதுகு, கடைசியில் வயிறு என்ற வரிசையில் போவோம்.

எப்போது தொடங்கலாம்

சிக்கலில்லாத சுகப்பிரசவம் என்றால், உடம்பு ஒத்துழைக்கிற சில நாட்களிலேயே மூச்சுப் பயிற்சியும் இடுப்படிப் பயிற்சியும் படுத்தபடி செய்யலாம். மற்ற ஆசனங்களுக்கு 6 வாரம் ஆகட்டும். சிசேரியன் என்றால் உள்ளே பல அடுக்குத் தையல் இருக்கிறது. மேலே காய்ந்துவிட்டது என்பதால் உள்ளே ஆறிவிட்டது என்று அர்த்தமில்லை. மருத்துவர் பார்த்துச் சொன்ன பிறகே பாயை விரியுங்கள். ‘நாற்பது நாள் போகட்டும்’ என்று அம்மாவோ ஆயாவோ தடுத்தால் கோபப்பட வேண்டாம், அந்தக் கணக்கு சரியாகத்தான் இருக்கிறது.

குழந்தைக்கு ஒன்றரை மாத ஊசி போட நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போவீர்கள் இல்லையா? வட சென்னையில் தண்டையார்பேட்டையோ கொருக்குப்பேட்டையோ, புதன்கிழமை ஊசி வரிசையில் குழந்தையின் அட்டை மட்டும்தான் எல்லார் கையிலும் இருக்கும். அன்றைக்கு உங்களையும் பரிசோதிக்கச் சொல்லிக் கேளுங்கள்: ரத்த அழுத்தம், ஹீமோகுளோபின், தையல். ரத்தசோகை இருந்தால் குனிந்து நிமிரும்போது தலை சுற்றும், கையில் குழந்தை இருக்கும்போது அது ஆபத்து. இரும்புச்சத்து மாத்திரையைப் பிரசவத்துக்குப் பிறகும் 180 நாள் சாப்பிட வேண்டும். பலர் வீட்டுக்கு வந்ததும் நிறுத்திவிடுகிறார்கள்.

இடமும் உடையும்

6 அடிக்கு 3 அடி இடம் இருந்தால் போதும். டைல்ஸ் தரையில் பிளாஸ்டிக் பாய் வழுக்கும், கோரைப்பாயும் நகரும். கனமான ஜமுக்காளத்தை இரண்டாக மடித்து விரியுங்கள். காலை 6:30க்கும் 8 மணிக்கும் நடுவில் செய்வது நல்லது. அதற்குப் பிறகு மொட்டை மாடிக்குக் கீழே இருக்கிற அறைகள் சூடாகிவிடும். சாயங்காலம் கொசு வந்துவிடும். கன்டெய்னர் லாரி ஓடுகிற சாலையோரம் வீடு என்றால் அந்தப் பக்க ஜன்னலைச் சாத்திவிட்டு மின்விசிறியை மிதமாக வையுங்கள்.

உடை விஷயத்தில் கறாராக இருங்கள். நைட்டியோடு முட்டிபோட்டால் துணி முழங்காலுக்கு அடியில் மாட்டி, உங்களைக் குழந்தை மேல் இழுத்துச் சாய்க்கும். சுடிதார் பேன்ட்டும் தளர்வான மேல்சட்டையும் சரியாக இருக்கும். தாலிச் சரட்டில் குத்தி வைத்திருக்கிற ஊக்கைக் கழற்றுங்கள், சரட்டை முதுகுப் பக்கம் போட்டுக்கொள்ளுங்கள். வளையல், மோதிரம் எல்லாம் அலமாரியில் இருக்கட்டும். வயிற்றில் இறுக்கிக் கட்டிய சேலைத்துணியோடு பயிற்சி செய்யாதீர்கள். அந்த அழுத்தம் கீழ்நோக்கி இறங்கி இடுப்படித் தசையைத்தான் தள்ளும்.

குழந்தை பால் குடித்து, ஏப்பம் விட்டு, அரைமணி நேரம் ஆகியிருக்க வேண்டும். எண்ணெய் தேய்த்த உடம்போடு குழந்தையைத் தூக்கி எதையும் செய்யக் கூடாது, கை நழுவும்.

படி 1: மூச்சும் இடுப்படியும்

மல்லாந்து படுத்து முழங்காலை மடக்குங்கள். ஒரு கை விலாவில், ஒரு கை அடிவயிற்றில். மூக்கால் மூச்சை இழுக்கும்போது விலா பக்கவாட்டில் விரியட்டும். மூச்சை விடும்போது, சிறுநீரையும் காற்றையும் சேர்த்து அடக்குவதுபோல் கீழிருந்து மேலாக இழுங்கள். 3 விநாடி பிடித்து, 3 விநாடி முழுசாகத் தளர்த்துங்கள். இதை 10 முறை, ஒரு நாளைக்கு 3 வேளை செய்யுங்கள். பழகப் பழக 10 விநாடி வரை பிடிக்கலாம்.

இதில் எல்லாரும் செய்கிற பிழை, மூச்சைப் பிடித்துக்கொண்டு புட்டத்தையும் தொடையையும் இறுக்குவது. சத்தமாக ஒன்று, இரண்டு எண்ணிக்கொண்டே செய்தால் மூச்சு நிற்காது. தளர்த்துகிற 3 விநாடியை விழுங்கிவிடாதீர்கள், தளரத் தெரியாத தசைக்குப் பலமும் ஏறாது. சிறுநீர் கழிக்கும்போது பாதியில் நிறுத்திப் பழகவும் வேண்டாம். பழகியபின் பால் கொடுக்க உட்காருகிற நேரத்தோடு இதைச் சேர்த்துவிடுங்கள், தனியாக நேரம் தேட வேண்டியதில்லை.

படி 2: வயிற்றில் விரல் வைத்துப் பாருங்கள்

6 வாரம் கழிந்ததும், அதே நிலையில் படுத்து, தொப்புளுக்கு மேலே விரல் நுனிகளைப் பாதத்தைப் பார்த்தபடி வையுங்கள். தலையை மட்டும் கொஞ்சம் தூக்குங்கள். இரண்டு பக்கமும் தசை விளிம்பு விரலைத் தொடும். தொப்புளிலும் அதற்குக் கீழேயும் இதேபோல் பாருங்கள். நடுவில் இரண்டு விரலுக்கு மேல் அகலமாக இடைவெளி இருந்தாலோ, தலை தூக்கும்போது வயிற்றின் நடுவில் கூம்புபோல் புடைத்தாலோ, இந்தக் கட்டுரையில் உள்ள 1, 3 படிகளோடு நின்று, பிசியோதெரபிஸ்ட் ஒருவரைப் பாருங்கள்.

படி 3: மார்ஜாரி ஆசனம்

குழந்தையை மல்லாக்கப் படுக்க வைத்து, அதன் இரண்டு பக்கமும் உங்கள் உள்ளங்கை வருமாறு முட்டிபோடுங்கள். மணிக்கட்டு தோளுக்கு நேர்கீழே, முழங்கால் இடுப்புக்கு நேர்கீழே. மூச்சை விட்டபடி முதுகை மேலே வளைத்து, குழந்தையின் முகத்தைப் பாருங்கள். இழுக்கும்போது முதுகு நேராகிற அளவோடு நிறுத்துங்கள். வயிற்றைத் தொங்கவிடுகிற இரண்டாவது பாதி முதல் சில வாரங்களுக்கு வேண்டாம். 8 முறை போதும்.

குழந்தையைத் தூக்கித் தூக்கிக் கட்டைவிரல் பக்கம் மணிக்கட்டு வலிக்கிறதா? உள்ளங்கையை ஊன்றாமல் முஷ்டியை ஊன்றுங்கள். பால் கொடுத்துக் குனிந்தே இருக்கிற தோளுக்கு இதைவிட இதமான ஆசனம் கிடையாது. குழந்தைக்கும் அம்மா முகம் கிட்டே வந்து போவது பிடிக்கும்.

படி 4: சேது பந்தாசனம்

பிரசவத் தீட்டு (ரத்தப்போக்கு) முழுசாக நின்ற பிறகுதான். மல்லாந்து படுத்து முழங்காலை மடக்குங்கள், குதிகால் புட்டத்துக்கு ஒரு சாண் தூரத்தில் இருக்கட்டும். மூச்சை விட்டு, இடுப்படியை இழுத்து, அப்புறம் இடுப்பை 4, 5 அங்குலம் தூக்குங்கள். 3 மூச்சு நின்று மெதுவாக இறக்குங்கள். 5 முறை. தொடையின் பின்பக்கம் சுளுக்கினால் குதிகாலைக் கிட்டே கொண்டுவாருங்கள்.

கழுத்து உறுதியாக நின்ற குழந்தையை, அதாவது ஏறக்குறைய 4 மாதத்துக்குப் பிறகு, உங்கள் அடிவயிற்றில் உட்கார வைத்துத் தொடையில் சாய்க்கலாம். இரண்டு கையும் அதன் அக்குளுக்குக் கீழே இருக்க வேண்டும். அதுவரை குழந்தை பக்கத்தில் பாயில் படுத்திருக்கட்டும்.

படி 5: இருவரும் குப்புற

விழித்திருக்கும் குழந்தையைக் குப்புறப் படுக்க வைத்து, எதிரில் நீங்களும் குப்புறப் படுத்து முழங்கையை ஊன்றி நெஞ்சை நிமிர்த்துங்கள். மார்பு அழுந்தி வலிக்காமல் இருக்க, மார்புக்குக் கீழே விலாவில் மடித்த துண்டை வையுங்கள். 3 முதல் 5 நிமிடம், ஒரு நாளில் இரண்டு மூன்று வேளை. குழந்தை முகத்தைப் பாயில் புதைத்தால் உடனே திருப்பிவிடுங்கள். தூங்கிவிட்டால் மல்லாக்கப் போட்டுவிடுங்கள். சிசேரியன் ஆனவர்கள் குப்புறப் படுக்க அவசரப்பட வேண்டாம். சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, குழந்தையை உங்கள் நெஞ்சின் மேல் குப்புறப் போட்டாலும் அதன் கழுத்துக்குப் பயிற்சி கிடைக்கும்.

முடிவில் குழந்தையின் காலை சைக்கிள் மிதிப்பதுபோல் மெதுவாக 10 சுற்று மடக்கி நீட்டலாம், வயிற்றில் அடைபட்ட காற்று பிரியும். ஊசி போட்ட இரண்டு நாள் தொடையைத் தொடாமல் விடுங்கள்.

எழுந்திருப்பதும் தூக்குவதும்

ஆசனம் 15 நிமிடத்தில் முடிந்துவிடும். குழந்தையைத் தூக்குவது நாள் முழுக்க நடக்கிற வேலை. வயிற்றுத் தசை கெடுவது பெரும்பாலும் இங்கேதான். படுத்த நிலையிலிருந்து நேராக எழாதீர்கள். பக்கவாட்டில் திரும்பி, கையை ஊன்றி எழுந்து உட்காருங்கள். பிறகு ஒரு முழங்காலை ஊன்றி, மறு காலை முன்னால் வைத்து, குழந்தையை நெஞ்சோடு அணைத்து, மூச்சை விட்டபடி எழுங்கள். கையை நீட்டிக் குனிந்து தூக்கினால் மொத்தப் பாரமும் அடிமுதுகில் விழும்.

முதல் 6 வாரம் குழந்தையைவிடக் கனமான எதையும் தூக்க வேண்டாம். நிறைந்த குடம் 15 கிலோ வரை கனக்கும். அடி பம்பு அடிப்பது நேராக இடுப்படித் தசையைத்தான் இறக்கும். தண்ணீர் லாரி வருகிற நேரத்தில் குடத்தை வீட்டுக்காரரோ தம்பியோ தூக்கட்டும். வீட்டில் இருக்கிற ஆண்கள் செய்யக்கூடிய மிகப் பெரிய யோகா உதவி இதுதான்.

இப்போதைக்கு வேண்டாதவை

நௌகாசனம் (படகுபோல் உடம்பை வைக்கிற ஆசனம்), இரண்டு காலையும் சேர்த்துத் தூக்குவது, கபாலபாதி (வயிற்றை வெட்டி இழுத்து வேகமாக மூச்சை விடுவது), உட்டியாண பந்தம் (மூச்சை விட்டு வயிற்றை உள்ளிழுத்துப் பிடிப்பது), தலைகீழ் ஆசனங்கள். மூட்டு இணைப்புகள் தளர்ந்திருக்கிற காலம் இது, பழைய அளவுக்கு உடம்பு வளைகிறதே என்று எட்டும் எல்லை வரை போகக் கூடாது. குழந்தையை மேலே தூக்கிப் போட்டுப் பிடிப்பதும் குலுக்குவதும் எந்த வயதிலும் வேண்டாம்.

குறைந்துவந்த தீட்டு மறுபடி சிவப்பாகப் போனால் நேற்று செய்தது அதிகம். இரண்டு நாள் மூச்சுப் பயிற்சியோடு நில்லுங்கள். ஒரு மணி நேரத்தில் ஒரு நாப்கின் முழுசாக நனைந்தாலோ, ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, 100.4 டிகிரி காய்ச்சல், கடுந்தலைவலி, நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் இருந்தாலோ காத்திருக்காமல் 108ஐக் கூப்பிட்டு மருத்துவமனைக்குப் போங்கள். இரண்டு வாரத்துக்கு மேலும் காரணமில்லாமல் அழுகை வந்தால், குழந்தையைப் பார்க்கவே பிடிக்கவில்லை என்றால், ஆசனத்தால் சரியாகும் என்று விட்டுவிடாதீர்கள். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

ராத்திரி முழுக்கத் தூங்காத மறுநாள் 1ஆம் படி மட்டும் செய்யுங்கள். குழந்தை நடுவில் அழுதால் ஆசனத்தை அங்கேயே விட்டுவிட்டுப் பால் கொடுங்கள்; மீதியை மத்தியானம் அது தூளியில் தூங்கும்போது செய்துகொள்ளலாம்.